வண்டி வாங்கும் முன் மணிக்கணக்கைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தொழிற்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நேரடிப் பேருந்து இல்லை. பேட்டையில் வேலை செய்பவர்களும் வழியிலுள்ள குடியிருப்பினரும் சேர்ந்து சங்கம் அமைத்து, ஷட்டில் வேன் விடத் தீர்மானித்திருக்கிறோம். மூன்று நிறுவனங்கள் முதல் ஆண்டுச் செலவுக்கு உதவுவதாகச் சொல்லியிருக்கின்றன. உள்ளாட்சி அமைப்பு வண்டி வாங்க மட்டும் ஒருமுறை மானியம் தரும். 12 இருக்கை கொண்ட மூன்று வேன்களை வாங்கி, காலை மூன்று மணி நேரமும் மாலை மூன்று மணி நேரமும் ஓட்டுவதாகத் திட்டம். 20 நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிறது. குடியிருப்புக்குள் சுற்றிப் பேட்டைக்குப் போக 23 நிமிடம் ஆகிறது. இரண்டு நிறுவனங்களில் 8 மணிக்கு வேலை தொடங்குகிறது. 310 பேர் பயன்படுத்துவோம் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டணம் வாங்கலாமா, இலவசமாக விடலாமா? நாங்களே ஓட்டுவதா, ஒப்பந்தக்காரரிடம் விடுவதா? செயலியில் அழைத்தால் வண்டி வரும் முறை எங்களுக்குச் சரிவருமா? இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு என்ன வழி?

பதில்: மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தையும் அதனுடன் அனுப்பிய வரைபடத்தையும் கணக்குத் தாளையும் முழுமையாகப் படித்தேன். நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் இரண்டாம் ஆண்டுப் பணம் என்ற கேள்விதான் முதலில் பதில் காண வேண்டியது; மற்ற மூன்றுக்கும் விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கணக்குத் தாளில் வண்டியின் விலை மிக விரிவாகவும், வண்டியை ஓட்டும் செலவு ஒரே வரியிலும் எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக ஷட்டில் தொடங்கும் சங்கங்களின் தாள்களில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். வண்டியின் விலை ஒருமுறைச் செலவு. மானியம் கிடைப்பதும் அதற்கே எளிது. ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், காப்பீடு, பழுது, டயர், மேற்பார்வை ஆகியவை ஒவ்வொரு மாதமும் வாசலில் வந்து நிற்கும். இந்த மாதச் செலவுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்ட உறுதி கிடைக்கும்வரை மானியத்தில் கைவைக்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை.

அந்த மாதச் செலவை எப்படிக் கணிப்பது? எங்கள் துறையில் இதற்கு அடிப்படை அலகு வண்டி-மணி, அதாவது ஒரு வண்டி ஒரு மணி நேரம் சேவையில் இருப்பது. வண்டியில் ஒருவர் இருந்தாலும் பன்னிரண்டு பேர் இருந்தாலும் அந்த மணிக்கான செலவு ஏறத்தாழ ஒன்றே. அதில் மிகப் பெரிய பங்கு ஓட்டுநரின் சம்பளம். ஆகவே செலவைக் குறைக்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை வண்டி எத்தனை மணி நேரம் ஓட வேண்டியிருக்கிறது என்பதைத்தான். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது நீங்கள் வரைந்திருக்கும் வழித்தடம்.

உங்கள் தடத்தில் ஒரு நடைக்கு 23 நிமிடம் என்றால், போய்த் திரும்ப 46 நிமிடம். இரு முனைகளிலும் சேர்த்து ஆறு நிமிடமாவது நிற்க நேரம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் காலை ஏழு மணிக்கு ஏற்பட்ட தாமதம் ஒன்பது மணிவரை தொடரும். ஆக, ஒரு சுற்றுக்கு 52 நிமிடம். உங்கள் ரயில்கள் 20 நிமிடத்துக்கு ஒன்றாக வருவதால், சுற்று நேரம் 20, 40, 60 என்ற வரிசையில் ஏதேனும் ஒன்றில்தான் பொருந்த முடியும். 52 நிமிடச் சுற்று 60 ஆகிவிடும். மூன்று வண்டிகள் தேவைப்படும். மூன்று வண்டி என்ற எண்ணிக்கைக்கு நீங்கள் வந்தது இப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் வரைபடத்தில் குடியிருப்புக்குள் நுழைந்து வெளிவரும் அந்த வளைவைப் பாருங்கள். நீங்களே அதற்கு ஆறு நிமிடம் என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். வண்டி உள்ளே போகாமல் பிரதான சாலையிலேயே குடியிருப்பின் முகப்பில் நின்று போனால் ஒரு நடை 17 நிமிடம், போய்த் திரும்ப 34, நிற்கும் நேரம் ஆறு நிமிடம், சுற்று சரியாக 40 நிமிடம். இரண்டே வண்டிகள் எல்லா ரயில்களையும் சந்தித்துவிடும். ஆறு நிமிட வளைவு ஒன்றுக்காக ஆண்டு முழுவதும் ஒரு வண்டிக்கும் ஒரு ஓட்டுநருக்கும் நீங்கள் பணம் கொடுக்கவிருந்தீர்கள். மூன்றாவது வண்டியை மாற்று வண்டியாக நிறுத்தி வைக்கலாம். உங்கள் திட்டத்தில் மாற்று வண்டியே இல்லை என்பதை நான் கவலையுடன் கவனித்தேன். மூன்று வண்டி வைத்து மூன்றையும் ஓட்டும் சேவையில், ஒன்று பழுதுபட்ட காலையில் மூன்றில் ஒரு பங்கு ரயில்களுக்கு வண்டி இருக்காது. அப்படி இரண்டு முறை நிலையத்தில் நின்று ஏமாந்தவர் மூன்றாம் முறை வர மாட்டார்.

குடியிருப்பினர் இதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். சங்கத்தில் அவர்களும் உறுப்பினர்கள் அல்லவா? அவர்களிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். முதலாவது, குடியிருப்பின் நடுப்பகுதியிலிருந்து பிரதான சாலை உங்கள் அளவுகோலின்படி 350 மீட்டர். நிறுத்தத்துக்கு நடந்து வரும் தூரமாக உலகின் பல நகரங்களில் திட்டமிடுநர்கள் எடுத்துக்கொள்ளும் 400 மீட்டருக்குள்தான் அது வருகிறது. இரண்டாவது, காலையில் பேட்டையில் ஆட்களை இறக்கிவிட்டு நிலையத்துக்குத் திரும்பும் வண்டி வெறுமையாக வருவதற்குப் பதில், ரயிலேறப் போகும் குடியிருப்பினரை ஏற்றிக்கொண்டு வரும். இரு திசையிலும் ஆள் ஏறும் தடம் கிடைப்பது அரிது. பேட்டை ஷட்டில்களில் பெரும்பாலானவை ஒரு திசையில் நிறைந்தும் மறு திசையில் காலியாகவும் ஓடுகின்றன. உங்களுக்குக் கிடைத்திருக்கும் இந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு ஈடாக, அந்த 350 மீட்டருக்கும் விளக்கும் நடைபாதையும், நிறுத்தத்தில் நிழற்குடையும் அமைத்துத் தருமாறு உள்ளாட்சியிடம் கேளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் ஏறத்தக்க சாய்தளமோ தாழ்தளமோ வண்டியில் இருக்க வேண்டும் என்பதை வாங்கும் ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு பொருத்துவது கடினம்.

அடுத்து, சம்பளம் கொடுக்க வேண்டிய மணிகள். இரண்டு வண்டி, நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 250 வேலை நாட்கள் என்றால் 3,000 வண்டி-மணி. உங்கள் தாளும் இதே முறையில்தான் பெருக்கியிருக்கிறது. ஆனால் ஓட்டுநர் பணிமனைக்கு வந்து, டயரும் விளக்கும் பிரேக்கும் சரிபார்த்து, வண்டியை நிலையத்துக்குக் கொண்டு வந்து, முடிந்தபின் திரும்பக் கொண்டு போய் நிறுத்திக் கணக்கு எழுதுவது சேவை நேரத்தில் சேராது. காலைக்கு முக்கால் மணி, மாலைக்கு முக்கால் மணி என்று வைத்தாலும் ஒரு வண்டிக்கு நாளுக்கு ஏழரை மணி; ஆண்டுக்கு 3,750 மணி. உங்கள் கணக்கைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதல். இதை இப்போதே எழுதாவிட்டால் பத்தாம் மாதத்தில் துண்டு விழும். மேலும், காலையில் மூன்று மணி, மாலையில் மூன்று மணி என்று பிரிந்து கிடக்கும் பணிக்கு நல்ல ஓட்டுநர் நிலைத்து நிற்பது கடினம். நடுவிலிருக்கும் நேரத்தில் பேட்டை நிறுவனங்களின் சரக்கு, தபால், விருந்தினர் போக்குவரத்து ஆகிய ஏதேனும் ஒரு வேலையைச் சேர்த்து முழுநாள் சம்பளமாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். ஓட்டுநர் அடிக்கடி மாறும் சேவையில் நேரம் தவறுவதும் விபத்தும் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

310 படிவங்களைப் பற்றி ஒரு சொல். கேட்டால் பயன்படுத்துவோம் என்று நல்லெண்ணத்தோடு எழுதுபவர்கள் அனைவரும் மழை பெய்யும் திங்கட்கிழமை காலை நிறுத்தத்தில் நிற்க மாட்டார்கள். என் அனுபவத்தில் மூன்றில் ஒரு பங்கை நம்பித் திட்டமிடுவது பாதுகாப்பானது; இங்கே அது சுமார் 103 பேர். காலை மூன்று மணி நேரத்தில் நிலையத்திலிருந்து ஒன்பது நடைகள், நடைக்கு 12 இருக்கை, மொத்தம் 108 இருக்கை. தாளில் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஆட்கள் ஒன்பது நடைகளிலும் சமமாகப் பரவி ஏற மாட்டார்கள். இரண்டு நிறுவனங்களில் 8 மணிக்கு வேலை தொடங்குவதால், அதற்கு முந்தைய இரண்டு நடைகளில்தான் ஏறத்தாழ பாதிப் பேர் ஏற முயல்வார்கள். 24 இருக்கைக்கு ஐம்பது பேர் நிற்பார்கள். இடமில்லாமல் நிலையத்தில் விடப்படுபவர் அன்று வேலைக்குத் தாமதம். மறுநாள் முதல் அவர் தன் பழைய வழிக்கே போய்விடுவார்.

இதற்கு இரண்டு தீர்வுகள் இருக்கின்றன. ஒன்று செலவே இல்லாதது: அந்த இரு நிறுவனங்களில் ஒன்று வேலை தொடங்கும் நேரத்தை 8.40க்கு மாற்றினால் கூட்டம் இரண்டு ரயில் தள்ளிப் பிரிந்துவிடும். பணமாக உதவத் தயங்கும் நிறுவனம்கூட இதைச் செய்ய முடியும். இதையும் ஓர் உதவியாகவே மதித்துக் கேளுங்கள். மற்றொன்று, 12 இருக்கை வேனுக்குப் பதிலாக 20 முதல் 25 இருக்கை கொண்ட சிறு பேருந்து. ஓட்டுநர் சம்பளம் இரண்டுக்கும் பெரிதாக வேறுபடாது. எரிபொருளும் பராமரிப்பும் ஓரளவு கூடும். ஓட்டுநர் உரிமம் உயர்ந்த வகையாக இருக்க வேண்டும் என்பதையும், பேட்டையின் உட்சாலைகளில் அது திரும்ப முடியுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மானியத் தொகை அனுமதித்தால் இரண்டு சிறு பேருந்துகளும் மாற்றாக ஒரு வேனும் வாங்குவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ரயிலைச் சந்திப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஷட்டிலில் ஏன் ஆள் ஏறவில்லை என்று பார்க்கச் சொன்னார்கள். கால அட்டவணை பிழையில்லாமல் இருந்தது, ரயில் 7.32க்கு, வண்டி 7.35க்கு. காலையில் நிலையத்துக்குப் போய் நின்றேன். ரயில் நேரத்துக்கு வந்தது. இறங்கியவர்கள் நடைமேடையின் மறுகோடியிலிருந்த ஒரே படிக்கட்டை நோக்கி நடந்து, மேம்பாலத்தில் ஏறி, சீட்டுக் கதவில் வரிசையில் நின்று, வெளியே வந்து சேர நான்கரை நிமிடம் ஆனது. ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், 7.35க்கு வண்டியை எடுத்தார். அவர்மீது குற்றமில்லை, அட்டவணை அப்படித்தான் சொன்னது. படிக்கட்டின் நடுவில் ஒரு பெண்மணி வண்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டார். ஓடவும் இல்லை, கையசைக்கவும் இல்லை. அவருக்கு அது பழகிப்போயிருந்தது. மூன்று நிமிடத்தை ஆறு நிமிடமாக மாற்றியதும், ரயில் தாமதமானால் நான்கு நிமிடம்வரை காத்திருக்கலாம் என்று ஓட்டுநருக்கு எழுத்தில் அனுமதி கொடுத்ததும் தவிர அந்தச் சேவையில் நான் வேறெதையும் மாற்றவில்லை. அடுத்த காலாண்டில் காலை நடைகள் நிறைந்தன. ஆகவே உங்கள் 40 நிமிடச் சுற்றில் மிஞ்சும் ஆறு நிமிடத்தையும் பேட்டை முனையில் வீணாக்காமல், நிலைய முனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்துக்கு வருவோம். இரண்டு வண்டிகளுக்குமாக நாளுக்குச் சம்பளம் கொடுக்கும் நேரம் 15 மணி. காலை, மாலை, இரு திசை எல்லாம் சேர்த்து நாளுக்கு 150 பயணங்கள் என்று வைத்தால், ஒரு பயணத்தின் அடக்கச் செலவு ஒரு மணி நேரச் செலவில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. உங்கள் ஊர் விலைவாசியில் ஒரு வண்டி ஒரு மணி நேரம் ஓட என்ன ஆகிறது என்று கணக்கிட்டுப் பத்தால் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகையை நாளுக்கு இரண்டு முறை கொடுக்க உங்கள் பேட்டைத் தொழிலாளியால் முடியுமா? பெரும்பாலும் முடியாது என்றே நினைக்கிறேன். கட்டணத்தை மட்டும் நம்பி நிற்கும் வேலைக்கால ஷட்டில் அரிதாக இருப்பதற்குக் காரணம் இந்த வகுத்தல்தான். கட்டணத்தை ஏற்றினால் சிலர் விலகுவார்கள். 10 சதவீதம் ஏற்றினால் சுமார் 3 சதவீதம் பயணிகள் குறைவார்கள் என்பது 1960களிலிருந்து துறையில் வழங்கிவரும் தோராயக் கணக்கு. அதாவது கட்டணத்தை ஏற்றினால் வருமானம் கூடும், ஆனால் யாருக்காகத் தொடங்கினோமோ அவர்களில் வசதி குறைந்தவர்களே முதலில் விலகிவிடுவார்கள்.

அப்படியானால் இலவசமா? பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரம் 1997இல் பேருந்தை இலவசமாக்கியது; பயணங்கள் பல மடங்கு பெருகின. செலவும் கூடவே பெருகியதால், கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவர 2013இல் முடிவெடுத்தார்கள். மறுபக்கம், பிரான்சின் டன்கிர்க் 2018இல் இலவசமாக்கியது. அங்கே அதற்கு முன்பே கட்டணம் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவையே ஈடுகட்டியதால், அதை விட்டுக்கொடுப்பது நிதிநிலையை உலுக்கவில்லை. நீங்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டு இயந்திரம், காசைப் பாதுகாப்பது, கணக்குப் பார்ப்பது, ஏறும்போது ஒவ்வொருவருக்கும் ஆகும் சில விநாடி ஆகியவற்றையெல்லாம் கழித்தபின் கட்டணத்தில் மிஞ்சுவது மொத்தச் செலவில் எவ்வளவு? மிகச் சிறிதென்றால் வாங்காமலே விடலாம்.

உங்கள் நிலைமையில் நான் இடைவழி ஒன்றைச் சொல்வேன். பணம் போடும் நிறுவனங்களின் ஊழியர்கள் அடையாள அட்டையைக் காட்டி ஏறட்டும். அவர்களுக்கான தொகையை நிறுவனம் கட்டிவிட்டது. குடியிருப்பினர் மாத பாஸ் வாங்கட்டும். சங்கத்துக்கு வெளியே உள்ளவர் ஒற்றைச் சீட்டு வாங்கட்டும்; அது பாஸைவிட விலை கூடுதலாகவே இருக்கட்டும். வண்டிக்குள் ரொக்கம் இருக்கவே கூடாது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஆளுக்கு ஆள் கட்டணம் வாங்கி ஓட்டுவதும், ஒரு நிறுவனம் மொத்தமாக வாடகைக்கு எடுத்து ஓட்டுவதும் பல நாடுகளின் சட்டத்தில் இரு வேறு வகை அனுமதிகள். லாப நோக்கற்ற அமைப்புகளுக்குத் தனி அனுமதி தரும் நாடுகளும் உண்டு. பிரிட்டனில் 1985ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் 19, 22ஆம் பிரிவுகள் அப்படிப்பட்டவை. உங்கள் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்தப் பதிலின் நகலைக் கொடுங்கள். கட்டணம் வாங்கியதைக் காப்பீட்டில் சொல்லாமல் விட்டிருந்தால், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

இனி நிறுவனங்களின் பணம். "முதல் ஆண்டுக்கு உதவுகிறோம்" என்பதை நான் நன்றியோடு கேட்டுக்கொள்வேன், ஆனால் அதை நம்பி ஓட்டுநரை வேலைக்கு வைக்க மாட்டேன். மூன்று ஆண்டு ஒப்பந்தமாக எழுதுங்கள். விலக நினைக்கும் நிறுவனம் ஆறு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு காலாண்டின் தொகையும் அந்தக் காலாண்டு தொடங்கும் முன் சங்கத்தின் கணக்குக்கு வர வேண்டும். பங்கை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் மனத்தாங்கல் வரும். முழுவதையும் ஊழியர் எண்ணிக்கைப்படி பிரித்தால், ஆட்கள் குறைவாக ஏறும் நிறுவனம் முணுமுணுக்கும். முழுவதையும் ஏறும் ஆட்களின் எண்ணிக்கைப்படி பிரித்தால், ஆட்களை ஏறச் சொல்வதற்கே நிறுவனம் தயங்கும். ஒவ்வொரு பயணமும் அதற்குச் செலவாகத் தெரியும். பத்தில் ஏழு பங்கை ஊழியர் எண்ணிக்கைப்படியும், மூன்று பங்கைப் பயணங்களின்படியும் பிரிப்பது நியாயமாகவும் அமைதியாகவும் நடக்கும்.

பேட்டையிலுள்ள மற்ற நிறுவனங்கள் பணம் போடாமலே பயனடையும். மூன்று பேர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு முப்பது பேர் ஏறுவார்கள். இதற்கு நிலையான தீர்வு கண்ட ஊர்களில் பங்களிப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் எமரிவில் நகரில் ரயில் நிலையத்தை அலுவலகங்களோடும் கடைகளோடும் இணைக்கும் எமரி கோ-ரவுண்ட் ஷட்டில் பயணிகளுக்கு இலவசம். அந்தப் பகுதியின் வணிகச் சொத்து உரிமையாளர்கள் கட்டும் சிறப்புத் தீர்வையே அதை நடத்துகிறது. பிரான்சில் 1971இல் பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, இன்று 11 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் ஒரு குறிப்பிட்ட பங்கைப் போக்குவரத்துக்குச் செலுத்துகின்றன. உங்கள் சங்கத்தால் சட்டம் போட முடியாது. ஆனால் தொழிற்பேட்டையை நிர்வகிக்கும் அமைப்பு சாலைக்கும் விளக்குக்கும் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கிறது அல்லவா? அதில் ஷட்டிலுக்கு ஒரு சிறு பகுதியைச் சேர்க்குமாறு இப்போதே கோரிக்கை வையுங்கள். அது நிறைவேற ஓராண்டு, ஈராண்டு ஆகலாம். மூன்று ஆண்டு ஒப்பந்தம் அந்த அவகாசத்தைத்தான் உங்களுக்கு வாங்கித் தருகிறது.

கணக்கில் மேலும் இரண்டு தலைப்புகள் வேண்டும். ஒன்று, மூன்று மாத ஓட்டச் செலவுக்குச் சமமான கையிருப்பு. மற்றொன்று, வண்டியை மாற்றுவதற்கான சேமிப்பு. உங்கள் வண்டி ஒவ்வொன்றும் நாளுக்கு ஒன்பது சுற்று ஓடும். பணிமனை ஓட்டத்தையும் சேர்த்துச் சுமார் 120 கிலோமீட்டர், ஆண்டுக்கு 30,000. அமெரிக்கக் கூட்டரசு மானிய விதிகள் சிறு வேனுக்குக் குறைந்தபட்ச ஆயுளாக 4 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று வைக்கின்றன. மைல் கணக்கு ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டர், உங்களுக்கு ஐந்தாண்டை ஒட்டி வருகிறது. ஆறாம் ஆண்டில் மீண்டும் மானியம் கிடைக்கும் என்று எண்ணி இருக்க வேண்டாம். முதல் மாதத்திலிருந்தே வண்டி விலையில் அறுபதில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

யார் ஓட்டுவது என்பதற்கு என் பதில் தெளிவானது. மூன்று வண்டி மட்டும் உள்ள சங்கம் தானே ஓட்டுநரை நியமித்து, விடுப்புக்கு மாற்று ஆள் தேடி, பழுதுபார்ப்பையும் கவனிப்பது மிகுந்த சுமை. ஜெர்மனியில் 1985 முதல் தன்னார்வலர்களே ஓட்டும் குடிமக்கள் பேருந்துகள் இருக்கின்றன. சாதாரண உரிமத்தில் ஓட்டும்படி எட்டு பயணியர் இருக்கை கொண்டவை. பகலில் ஓய்வாகப் போய்வரும் பயணங்களுக்கு அது அழகாகப் பொருந்துகிறது. காலை 7.20 ரயிலை நாள் தவறாமல் சந்திக்க வேண்டிய உங்கள் சேவைக்குச் சம்பளம் வாங்கும் ஓட்டுநரே வேண்டும். ஆகவே வண்டிகளின் உரிமையைச் சங்கத்திடம் வைத்துக்கொண்டு, ஓட்டுவதை மட்டும் ஒப்பந்தத்தில் விடுங்கள். ஒப்பந்தக்காரரை மாற்ற நேர்ந்தாலும் வண்டி உங்களிடமே இருக்கும்.

அந்த ஒப்பந்தத்தில் பணம் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதே ஓட்டும் விதத்தைத் தீர்மானிக்கும். நடைக்கு இவ்வளவு என்றால் வேகமாக ஓட்டி நடைகளைக் கூட்டப் பார்ப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு என்றால் வண்டி நிரம்பும்வரை நிலையத்தில் நிற்கும். வண்டி-மணிக்கு இவ்வளவு என்று கொடுங்கள். தவறவிட்ட நடைக்கும், நேரத்துக்கு முன் எடுத்த நடைக்கும் பிடித்தம் வையுங்கள். முன் எடுப்பது தாமதத்தைவிடக் கெட்டது, ஏனென்றால் நேரத்துக்கு வந்தவரையே அது தண்டிக்கிறது. எரிபொருள் விலை மாறினால் தொகை எப்படி மாறும் என்ற விதியும், ஏறியோர் கணக்கு சங்கத்துக்கே சொந்தம் என்ற விதியும் எழுத்தில் இருக்கட்டும்.

செயலியில் அழைத்தால் வரும் வண்டி உங்களுக்கு வேண்டாம். ஹெல்சின்கியில் 2012இல் குட்சுபிளஸ் என்ற பெயரில் இத்தகைய சிற்றுந்துச் சேவை தொடங்கியது. தொழில்நுட்பம் பாராட்டப்பட்டது, பயணிகளும் விரும்பினர். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் பொதுப் பணம் அதிகம் தேவைப்பட்டதால் 2015இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆளுக்கு ஆள் வளைந்து போகும் வண்டி ஒரு மணி நேரத்தில் ஏற்றக்கூடியவர்கள் மிகச் சிலரே; பொதுவாக ஐந்து பேரைத் தாண்டுவது கடினம். உங்கள் இரண்டு வண்டிகளும் 12 சேவை மணி நேரத்தில் 150 பயணங்களை ஏற்றினால் மணிக்குப் பன்னிரண்டரை பேர். ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போகும் கூட்டத்துக்கு நிலையான தடமே சிக்கனம். ஏதேனும் ஒரு நிறுவனத்தில் இரவுப் பணிக்குப் பத்துப் பேர் வருவதாக இருந்தால், அவர்களுக்கு மட்டும் வேறு ஏற்பாடு உண்டு: 1973இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் தொடங்கிவைத்தது போல, ஊழியர்களில் ஒருவரே வேனை ஓட்டிச் சக ஊழியர்களைக் கூட்டி வருவது. அதை அவர்கள் வேலை செய்யும் நிறுவனத்திடமே விட்டுவிடுங்கள்.

பகலில் வண்டி இல்லாத நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு தாய் எப்படிப் போவார்? இந்த அச்சத்தாலேயே பலர் சொந்த வாகனத்தை விட்டுவர மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருவருக்கு நான்கு முறைவரை அவசரத்துக்கு வாடகைக் கார் செலவைச் சங்கம் தரும் என்று அறிவியுங்கள். இத்தகைய உறுதி கொடுத்த இடங்களில் அதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. செலவு சிறிது, கிடைக்கும் நிம்மதி பெரிது.

தொடங்கிய முதல் ஆறு மாதம் அட்டவணையைத் தொடாதீர்கள், ஆபத்தான பிழை ஏதும் தெரிந்தாலொழிய. மக்கள் தங்கள் காலைப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் காலம் பிடிக்கும். ஒரு சேவை தன் முழு அளவை எட்ட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதை நிறுவனங்களிடம் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மாதந்தோறும் அவர்களுக்கு ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள்: வண்டி-மணிக்கு எத்தனை பேர், தவறிய நடைகள் எத்தனை, தவறவிட்ட ரயில் இணைப்புகள் எத்தனை, இடமின்றி விடப்பட்டவர் எத்தனை பேர். கடைசி எண்ணை ஓட்டுநர்தான் சொல்ல முடியும். அதற்கு அவருடைய நடைத் தாளில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

நிறுவனங்களோடு உட்காரும் முன், இந்த வாரத்தில் வேலை நாளொன்றில் வாடகை வேன் ஒன்றை எடுத்து, காலை 7.20 ரயில் வரும் நேரத்தில் பிரதான சாலை வழியாகப் பேட்டைக்குப் போய், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை நிமிடம் நின்று, திரும்பி வாருங்கள். மாலையிலும் ஒருமுறை செய்யுங்கள். ஒரு நடை 17 நிமிடத்துக்குள் முடிந்தால் மேலே சொன்ன இரண்டு வண்டிக் கணக்கு நிற்கும். 18 ஆனால் நிற்கும் நேரம் நான்கு நிமிடமாகச் சுருங்கும். ரயில் தாமதத்தைத் தாங்க அது போதாது, ஒரு நிறுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். 20ஐத் தாண்டினால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். எந்த இடத்தில் எத்தனை விநாடி போகிறது என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்பினால், தடத்தை நாம் சேர்ந்து திருத்தலாம்.